சோபாக்காரியின் கம்பம்

இரண்டு கைகளாலும் கத்தியை அழுத்திப் பிடித்து அவள் ஃபோம் அறுத்துக்கொண்டிருந்தாள். சோபாவுக்குப் போடுகிற கெட்டி ஃபோம், நாலு அங்குலத் தடிமன். அதன்மேல் வைக்க மிருதுவான இன்னொரு அடுக்கு பக்கத்தில் சாய்ந்து நின்றது. தரையில் மெத்தையாக விரிக்கும்போது நடுவில் கம்பம் வரும் இடத்தை வட்டமாக வெட்டி எடுத்தாள்.

"எதுக்குடி இவ்வளவு தடிமன்?" என்றேன்.

"விழுந்தா உங்களைத்தானே கூப்பிடணும், நர்சம்மா. உங்க வேலை குறையட்டும்னுதான்."

நான் நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைத் திருப்பிப் போட்டு, தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி முப்பது வருஷம் வேலை பார்த்தவள். தெருவில் யாரும் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. எத்தனையோ உடம்புகளைக் கையாண்டிருக்கிறேன்; தன் உடம்பை இவளைப் போல் நிதானமாகக் கையாள்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. வயது நாற்பத்திரண்டு. சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி மாற்றுகிற தொழில். ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் கிழிந்த மெத்தைகளுக்கு உறை போடப் போனவள், அங்கே பெண்கள் இரும்புக் கம்பத்தில் ஏறிச் சுழல்வதைப் பார்த்துவிட்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். "வந்து தொங்கிப் பாருங்க" என்றாளாம் டீச்சர். இவள் பதினோரு விநாடி தொங்கினாள். துணியை இழுத்து இழுத்து ஆணி அடித்த கை அல்லவா. அன்றே சேர்ந்துவிட்டாள்.

"போல் டான்ஸா? உன் வயசுக்கு யோகா போதாதாம்மா?" என்றாள் மகள்.

"யோகான்னா தூங்கிடுவேன்டி."

முதல் இரண்டு மாதம் கம்பத்தைச் சுற்றி நடப்பதும், ஒரு சுற்று சுழன்று ஓசை இல்லாமல் கால் ஊன்றுவதும்தான். பிறகு ஏறக் கற்றாள். ஒரு கால் முன்னால், முழங்காலுக்குக் கீழே கம்பத்தை அணைத்து, மறுகாலால் பின்னாலிருந்து கவ்வ வேண்டும். துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும் என்பதால் அரைக்கால் சட்டை. கையில் மோதிரம் கூடாது, கிரீம் கூடவே கூடாது. தோளை முதலில் கீழே இறக்கிவிட்டுத்தான் எடையைக் கையில் வாங்க வேண்டும். ஆளைத் தூக்குகிற எங்கள் தொழிலிலும் அதே விதிதான். தொடையில் விழுந்த கன்றிப்போன தடங்களை என்னிடம் காட்டுவாள். நீலம் மஞ்சளாகி ஆறுகிறதா என்று பார்த்துச் சொல்வேன்.

போன வருஷம் அந்தக் கூடம் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். மாதம் ஒரு ஞாயிறுதான் முடியும். வீட்டில் கம்பம் இல்லையென்றால் கற்றது அத்தனையும் கைவிட்டுப் போகும்.

கம்பம் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். முதலில் பார்த்தது மெலிசு, நாலு இணைப்பு, எத்தனை கிலோ தாங்கும் என்று எங்கேயும் போடவில்லை. "சோபாவுக்குக் கால் வாங்கினாலே எத்தனை கிலோ தாங்கும்னு கேப்பேன். இதுல நானே தொங்கப் போறேன்," என்று ஒதுக்கினாள். கடைசியில் எடை வரம்பு அச்சிட்ட, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பம் வாங்கினாள். துளை போட வேண்டாம். தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி இறுக்கினால் நிற்கும். மேலே கான்கிரீட்தான் இருக்க வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இங்கேதான் சிக்கல். அவள் புருஷன் கான்கிரீட் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். வீடு முழுக்க அவர் கைவேலை. கம்பம் வரப்போகிற முன்னறையில் மூன்று அடுக்கு, ஓரமெல்லாம் விளக்கு. வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து காட்டுவதே அதைத்தான்.

"மேல நானே இரும்புச் சேனல் குடுத்திருக்கேன். யானையைக் கட்டித் தொங்கவிடலாம்," என்றார்.

"யானை வேணாங்க, நான் போதும்."

எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டவள், அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் ஒப்புக்கொண்டாள். புருஷன் வேலை என்றால் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது. கம்பம் தினமும் கொஞ்சம் தளர்ந்தது. தினமும் இறுக்கினாள். இறுகியது கம்பமில்லை, மேலே ஜிப்சம் பலகைதான் நசுங்கிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பாதி ஏறியபோது பலகை உடைந்து, கம்பம் சாய்ந்து அலமாரியில் மோதியது. அவள் இடது தோள் மெத்தையில் பட விழுந்தாள்.

மகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். கையைத் தூக்கச் சொன்னேன், என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன். எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு வாரம் தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போதும். கம்பத்தைத் திருப்பி அனுப்பிடு," என்றார் புருஷன்.

தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "கம்பத்து மேல தப்பில்லைங்க. உங்க சீலிங்தான் விட்டுக்குடுத்துச்சு."

மனுஷன் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில்கூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தாம் நாள் ஏணியும் ரம்பமுமாக வந்தார்.

"அப்பா, கஸ்டமர் வந்தா என்னத்தக் காட்டுவ?"

"ஓட்டையைக் காட்டுறேன், போ."

தான் இழைத்து இழைத்துச் செய்ததைத் தானே சதுரமாக அறுத்தெடுத்தார். மேலே தெரிந்த கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி, உள்ளே காலியான சத்தம் வராத இடத்தில் பென்சிலால் குறித்தார். கூரை உயர்ந்துவிட்டதால் இப்போது கம்பம் ஒரு அடி போதவில்லை.

"நம்ம வெல்டர்கிட்ட ஒரு துண்டு ஒட்டிக்கலாமே."

"ஒட்டு வேலை வேணாம். அதே கம்பெனி நீட்டிப்புத் துண்டு விக்குது. வரட்டும்," என்றாள்.

வருவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. தோளுக்கும் அது நல்லதாகப் போயிற்று. வந்த அன்று சாயங்காலம் கம்பம் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்து நிறுத்தினார்கள். அவள் இறுக்கினாள். எண்பத்தெட்டு கிலோ ஆள், அவரே முதலில் இரண்டு கையாலும் தொங்கிக் காலைத் தூக்கினார். கம்பம் அசையவில்லை.

"இறங்குங்க, பேன்ட் கழண்டுக்கப் போகுது," என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்து கை விட்டுவிட்டது.

மறுநாள் காலை என்னை வரச் சொன்னாள். தனியாக ஏறுவதில்லை என்பது அவள் வைத்திருக்கும் சட்டம். பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கினாள். கம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், ரசமட்டம் பார்த்தாள், நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏறினாள். நாலு பிடியில் சீலிங்கின் ஓட்டைவரை போய், தொடையால் கம்பத்தைக் கவ்வி உட்கார்ந்து, ஒரு கையை நீட்டிக் கான்கிரீட்டைத் தொட்டாள். வழுக்கி இறங்காமல், ஒவ்வொரு பிடியாக இறங்கினாள். உள்ளங்கையில் சிமென்ட் தூசி. கையைக் கழுவிவந்து, கம்பத்தை மறுபடி மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு, இந்த முறை அடிபட்ட இடது கையை மேலே வைத்து ஏறினாள்.