ஆம்புலன்ஸின் பின்பக்கம்

ஆம்புலன்ஸோடு கேமராவும் போய், உயிருக்குப் போராடுகிறவர்களைக் காப்பாற்றுவதை அப்படியே காட்டும் தொடர் ஒன்று டிவியில் வந்துகொண்டிருந்தது. போன வருடம் அதில் என் கணவரும் வந்தார்.

மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் இருவரும் கூலி வேலை செய்கிறோம். அன்று உச்சி வெயிலில், "இந்த ஒரு பாத்திதான், வாரிட்டு வந்துடறேன்" என்றவர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

ஆம்புலன்ஸில் கேமராக்காரர் ஒருவரும் வந்திருந்தாராம். எனக்கு அவர் முகமே நினைவில்லை. என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வழியெல்லாம் நடுவிலிருந்த கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனேன். பின்னாலிருந்த நர்ஸ் பெண் ஒவ்வொரு முறையும் திரும்பி, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். நம்பினேன். ஐந்தாம் நாள் அவர் வீடு திரும்பினார். படத்தை ஒளிபரப்பச் சம்மதித்து அவரே கையெழுத்தும் போட்டார்.

ஒளிபரப்பான சாயங்காலம், பத்தாவது படிக்கும் மகளோடு பாயில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஆம்புலன்ஸின் பின்பக்கம் தெரிந்தது. அந்த நர்ஸ் பெண் போனில் டாக்டரிடம் சொன்னாள்: "பிரஷர் இறங்கிக்கிட்டே போவுது சார். அங்க வர்ற வரைக்கும் தாங்குவாரான்னு தெரியல." அடுத்த நொடி கண்ணாடிப் பக்கம் திரும்பி எனக்குக் கையைக் காட்டினாள்.

அந்த இடத்தில் விளம்பரம் போட்டார்கள்.

பக்கத்திலிருந்த கணவரின் முழங்காலை இறுகப் பிடித்தேன்.

"ஏம்மா, நான் இங்கதான இருக்கறேன்" என்றார்.

"டிவிய ஆஃப் பண்ணுங்க."

"அப்பா கண்ணு முழிக்கிறத காட்டுவாங்கம்மா" என்றாள் மகள்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து அணைத்தார். தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்தது. "அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

மீதியை மறுநாள் மகள் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "ஆஸ்பத்திரி வாசல் வந்தப்புறம்தாம்மா பிரஷர் ஏறுச்சு. அப்பாவ உள்ள கொண்டுபோனதும் அந்த நர்ஸ் அக்கா வண்டிக்குப் பின்னாடி நின்னு அழுதாங்க."

அதை நான் இன்னும் பார்க்கவில்லை.