மூன்று நகரசபைகளை ஒரே மேசைக்கு வரவழைத்த டாக்டர் விசாலாட்சி

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் வடிகால் வரைபடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. சிகிச்சை இல்லத்தின் தலைமைத் தாதி சிவமலர் பேசினார். "அண்ணை, டொக்டர் காலமை தவறிப்போனா. ஹார்ட் அட்டாக். அவவின்ரை வீட்டுக்காரர் பேராசிரியரோடை நான் நிக்கிறன்." சரி என்றேன். ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தேன். மதியம் வரை வரைந்தேன். பிறகு சரிபார்த்தபோது அதில் ஒரு பிழையும் இல்லை.

டாக்டர் விசாலாட்சியை அறிந்த உங்களுக்கு அவருடைய குணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நகரின் வடபகுதியில் மூன்று நகரசபைகள் சேர்ந்து நடத்தும் அந்தக் குடி, போதை சிகிச்சை இல்லம் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது. அவர் சொல்லிக்கொண்டதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் அந்த நகரசபைகளில் ஒன்றில் பொறியாளராக இருந்தேன். மதுரையிலிருந்து வந்து இங்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்த அவர், ஒருநாள் பூட்ஸில் பனியோடு என் அறைக்குள் வந்தார்.

"உங்க ஊர் எல்லை எங்க முடியுதுன்னு காட்டுங்க."

வரைபடத்தை விரித்து ஒரு தெருவின் நடுப்பகுதியைக் காட்டினேன்.

"அங்கதான் ஒருத்தர் குடிச்சிட்டு விழுந்து கிடந்திருக்கார். இந்தப் பக்கத்து போலீஸ் அந்த ஊர்னு சொல்லியிருக்காங்க. அவங்க இந்த ஊர்னு சொல்லியிருக்காங்க. எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள கால் விரல் எல்லாம் உறைஞ்சு போச்சு. எடுக்க வேண்டியதாயிடுச்சு." வரைபடத்தில் அந்தத் தெருவைத் தொட்டு, "புண் ஆறினதும் அதே தெருவுக்குத்தான் திருப்பி அனுப்பினோம். குடிக்கு வைத்தியம் பார்க்க இடம் எங்க இருக்கு?" என்றார்.

தனியாக ஓர் ஊரால் அப்படி ஓர் இடத்தை நடத்த முடியாது, மூன்றும் சேர்ந்தால் முடியும் என்பது அவர் கணக்கு. சபைகளில் பேச்செல்லாம் பிரெஞ்சில்தான்; அவருக்கு அது அவ்வளவாக வராது. அதனால் மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். ஒவ்வொரு சபையும் மற்ற இரண்டும் முதலில் ஒப்புக்கொள்ளட்டும் என்றது. இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. "யார் முதல்லன்னு கேட்டா யாருமே வர மாட்டாங்க. எல்லாரையும் ஒரே நாள்ல உட்கார வைக்கணும்" என்றார். உட்கார வைத்தும் விட்டார்.

ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, இது கெட்ட குடும்பங்களின் பிரச்சினை, எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். டாக்டர் எழுந்து நின்றார்.

"என் வீட்டுக்காரர் காலேஜ்ல கணக்குப் பேராசிரியர். இப்ப வெளியில கார்ல உட்கார்ந்திருக்கார். குடிச்சிருக்கார். வீட்ல தனியா விட பயமா இருந்ததால கூட்டிட்டு வந்தேன். நான் டாக்டர். அவரை எங்க கொண்டுபோய்ச் சேர்க்கறதுன்னு எனக்கே தெரியல."

பிரெஞ்சில் மென்மையான சொற்களைத் தேடினேன். பேராசிரியர் ராமநாதன் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். இது எனக்குத் தெரியாது.

"அப்படியே சொல்லுங்க. குறைக்காதீங்க" என்றார் டாக்டர்.

அப்படியே சொன்னேன். அந்த உறுப்பினர் உட்கார்ந்துகொண்டார். அன்றே மூன்று சபைகளும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு, கன்னியாஸ்திரீகள் காலி செய்திருந்த ஒரு பழைய கட்டடத்தில் இல்லம் தொடங்கியது.

கூட்டத்தில் டாக்டர் சொன்னது நகரின் வில்லரே பகுதியில் இருந்த நம்மவர் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நவராத்திரிக்கு டாக்டரையும் பேராசிரியரையும் எங்களைத் தவிர யாரும் கொலுவுக்கு அழைக்கவில்லை. குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் தயங்கிவிட்டுத்தான் அழைத்தோம். "சுண்டல் வீட்லயே பண்ணிக்கலாம், அதுக்கு என்ன" என்று டாக்டர் சிரித்தார். ஆனாலும் வந்தார். மற்றவர்கள் போன பிறகு வந்தார்.

பேராசிரியர் இல்லத்தில் சேர்ந்தார். வெளியே வந்து மறுபடி குடித்தார், மறுபடி சேர்ந்தார். டாக்டரின் கணவரே குணமாகவில்லையே, இந்த இல்லம் எதற்கு என்று ஒரு சபை விலகப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "சர்க்கரை வியாதிக்காரர் திரும்பி வந்தா கதவைச் சாத்துவீங்களா?" அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். சபை விலகவில்லை. பேராசிரியர் குடியை விட்டுச் சில வருடங்களாகின்றன. இதையெல்லாம் எழுதச் சொன்னவரே அவர்தான்.

சனிக்கிழமை தகனம். நிறையப் பேர் வந்திருந்தார்கள். இல்லத்தில் இருந்து குணமானவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். அவர்களில் சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் என் அருகே வந்தார்.

"சாயங்காலம் இல்லத்துல குடியை விட்டவங்க குழுக்கூட்டம் இருக்கு. விசாலாட்சிதான் கொண்டு விடுவா. நீங்க விடறீங்களா?"

"இன்னிக்குப் போகணுமா?"

"இன்னிக்குத்தான் போகணும்."

கொண்டுபோய் விட்டேன். வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தேன். வெளியே வந்தவர் முகம் கழுவியிருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த வாரம்?" என்றார்.

"வரேன்."

டாக்டர் விசாலாட்சி எனக்கென்று எதையும் விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் செய்துவந்த இந்தக் கார்ப் பயணத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.