ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஆரம்பப் பள்ளியோடு நின்றவன்; எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் இருப்பது வேறொருவர் கையெழுத்து, அச்சடித்ததுபோல: "ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்காதீர்கள்."

நான் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே கம்ப்யூட்டர்கள் நாள்கணக்கில் தனியாகக் கணக்குப் போடும். நாற்காலியில் ஆள் இருக்கமாட்டார். யாரும் அணைத்துவிடாமலிருக்க ஆங்கிலத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். அங்கே ஆராய்ச்சி செய்துவந்த டாக்டரம்மா (வைத்தியர் இல்லை, படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர்) மட்டும் எனக்காகத் தமிழில் எழுதி வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இந்த நாட்டுக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தவர். அண்ணே என்று கூப்பிடுவார். எனக்கோ கூச்சம், குப்பையை எடுத்துக்கொண்டு குனிந்தபடி போய்விடுவேன்.

சுரங்க ரயிலுக்குத் தோண்டும்போது, மேலே ஜாலான் புசார் தெருவில் கீழே கடையும் மாடியில் வீடுமாக நிற்கும் கடைவீடுகளைப் போன்ற பழைய கட்டடங்கள் மண்ணில் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராமை அவர் எழுதிவந்தார். அதை வைத்து ஒரு கட்டுரையும் வெளியாகியிருந்தது. ஒருநாள் மதியம், லிட்டில் இந்தியாவில் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, சாப்பிடலையா?"

"தப்புப் பண்ணிட்டேன்ணே. புரோகிராம்ல ஒரு எடத்துல கீழ போறத ப்ளஸ்னு வச்சிருக்கேன், இன்னொரு எடத்துல மைனஸ்னு. மண்ணுக்கு அடியில இருக்கவேண்டிய தண்ணி, என் கணக்குல கடைக் கூரைக்கு மேல நிக்குது. மீன் பிடிக்கலாம்." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவரே தன் மேலதிகாரியான பேராசிரியரிடம் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. திருத்திய புரோகிராமை ஓடவிட்டார். சரியான விடை வந்தால்தான் இன்னொரு இடத்தில் போய் வேலை கேட்க முகம் இருக்கும் என்றார். ஆனால் இங்கே தங்கி வேலை செய்வதற்கான பாஸ் முடிகிற நாள் முந்திக்கொண்டது. முடியும்வரை ஓடட்டும் என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டிருந்தார். "நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கங்கண்ணே" என்று அட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.

ஊரிலிருந்து அந்தத் திரையைப் பார்க்க அவருக்கு வழியில்லை. கணக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டி அதில் ஏறிக்கொண்டே போகும் எண்ணைத் தினமும் போனில் படம் பிடித்து அனுப்பினேன். கிட்டத்தட்ட முடிகிற சமயத்தில், கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் பையன் தள்ளுவண்டியோடு வந்தான்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க லா."

"தம்பி, ஆஃப் பண்ணாதீங்க. ஓடிக்கிட்டு இருக்கு."

"யாரோட ரன்? அவங்கதான் போயாச்சே."

"புரஃபசர் விடச் சொல்லியிருக்காரு."

"அவர்தான் அங்கிள் கிளியர் பண்ணச் சொன்னாரு. மண்டே புது ஆளு வர்றாரு."

பையன் அணைத்தான்; கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது. அட்டை என் கையில் இருந்தது.

"இன்னைக்கு எவ்வளவுண்ணே?" என்று டாக்டரம்மா போனில் கேட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் ஈசூன் ரயிலில் நின்றுகொண்டு, "அணைச்சிட்டாங்கம்மா" என்று அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் குரல் பதிவாகப் பதில் வந்தது: "நீங்க சொல்லிப் பாத்திருப்பீங்க, எனக்குத் தெரியும். அட்டையக் குப்பையில போட்டுடாதீங்கண்ணே." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த மேசையில் இப்போது வேறு கம்ப்யூட்டர், வேறு ஆங்கிலத் தாள். சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவருடைய அட்டை சொல்வது இனி உண்மையில்லை. ஆனாலும் வீட்டில் என் எதிரே நிற்கும் அதை எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

ஈசூன், தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு.