சொன்னதும் நகராதவர்

கதவில்லாத பந்தயக் காரின் ஜன்னல் வழியே காலை நுழைப்பதற்கு முன், ராய்ஸ் டால்பர்ட் தரையில் மண்டியிட்டுக் காரின் அடியைப் பார்ப்பார். மெக்கானிக்குகள் ஏற்கெனவே அலசிப் பார்த்த கார்தான்.

"என்ன சார்ஜெண்டு, பூனை கீனை படுத்திருக்கா?" என்று கேலி செய்வார்கள்.

"இருந்தா எழுப்பி விட்டுட்டுப் போவோம்ல" என்பார் முகம் மாறாமல்.

அமெரிக்காவில், வட கரோலினாவின் சின்னப் பந்தயத் தடங்களில், வளைவுகளில் இவரைப் போல வழுக்கிக்கொண்டு திரும்புபவரை நான் பார்த்ததில்லை. ஈராக்கில் ராணுவ லாரி ஓட்டியவர். மற்றவர்கள் மீசை முளைக்கும் முன்பே பந்தயத்துக்கு வந்துவிடுகிறார்கள். இவர் வந்தபோது காதோரம் நரைத்திருந்தது. பந்தய நாளில் மயோனைஸ் வழிய வழியத் தக்காளி சாண்ட்விச் சாப்பிடுவார். வேறு எதைக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

பந்தயக் காரில் கட்டுண்டு கிடப்பவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. அதனால் பார்வையாளர் மாடத்தின் கூரையில் ரேடியோவோடு நிற்கும் நான்தான் அவருக்குக் கண். பக்கத்துக் காரைத் தாண்டி உள்பக்கம் இறங்க இடம் கிடைத்ததும் "கிளியர்" என்பேன். மற்ற ஓட்டுநர்கள் உடனே ஸ்டீயரிங்கை ஒடிப்பார்கள். ராய்ஸ் மட்டும் ஒரு மூச்சு பொறுத்து, கண்ணாடியில் தானே பார்த்துக்கொண்டுதான் நகர்வார். அதற்குள் இடம் பறிபோகும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"என்மேல நம்பிக்கை இல்லியாண்ணே?"

"உன்மேல இல்ல தம்பி, அந்த வார்த்தை மேல. அங்க ஈராக்ல ஒருத்தன் ரேடியோல 'ரோடு கிளியர்'னான். எங்களுக்கு முன்னால போன வண்டி அத நம்பிப் போச்சு, திரும்பி வரல."

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சென்ற சனிக்கிழமை, காரின் சொந்தக்காரி டார்லீனம்மா அவரைத் தனியே அழைத்தாள். "இன்னிக்கு முதல் அஞ்சு இடத்துக்குள்ள வரலேன்னா, அடுத்த வாரம் என் தங்கச்சி பையன்தான் ஓட்டுவான். கோச்சுக்காதீங்க ராய்ஸ்."

கடைசிச் சுற்றுகளில் அவர் ஆறாவது. ஐந்தாவது காரின் வெளிப்பக்கமாக ஏறி ஒட்டி ஓடினார். மேற்கு வெயில் நேராக என் கண்ணில் அடித்தது.

"தம்பி, என்ன? கிளியரா?"

"தெரியலண்ணே. வெயிலு."

"தெரியலேன்னா எதுக்குடா மேல நிக்கிற?" என்று ரேடியோவில் டார்லீனம்மா வெடித்தாள். ராய்ஸ் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஆறாவது இடத்துக்கே போனார்.

"திட்டாதீங்கம்மா" என்றது அவர் குரல். "தெரியலேன்னு சொன்னான்ல."

நான் கூரையின் மறுகோடிக்கு ஓடினேன். கடைசிச் சுற்று. அதே கார், அதே வெளிப்பக்கம். இப்போது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அவர் காரின் பின்பக்கம் மற்றவன் காரின் மூக்கைத் தாண்டியது.

"கிளி..." என்று வாயெடுத்தேன்.

மீதி எழுத்து வெளியே வருவதற்குள் அவர் கார் உள்பக்கம் இறங்கியிருந்தது.