ஈசான மூலையில் முளைத்த நெல்

சங்கிலிப்பாண்டி எவரையும் எளிதில் நம்பியவரல்லர். பால்காரர் ஊற்றும் பாலை உள்ளங்கையில் விட்டுப் பார்த்த பின்பே செம்பை நீட்டுவார். குற்றாலநாதரைத் தொழச் சென்றாலும் செருப்பின் இணையைப் பிரித்து, ஒன்றை வாசலுக்கு இப்புறமும் மற்றதை அப்புறமும் கழற்றி வைப்பார். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் காவலர் குடியிருப்புகளிலேயே கழிந்தது. இப்போது மேலகரத்தில் வாடகை வீடு. அதையும் தை பிறக்குமுன் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

தந்தை வழியில் வந்த நன்செய் ஒரு துண்டு இருந்தது. அங்கே ஒரு வீடு எழுப்பிவிட்டால் போதும் என்பதே அவருடைய வேண்டுதல். ஆனால் நன்செய்யில் வீடு கட்ட அரசின் இசைவு வேண்டும். நிலம் நெடுநாளாகத் தரிசாகக் கிடக்கிறது என்று வேளாண்மை அதிகாரி நேரில் பார்த்து எழுதினால்தான் விண்ணப்பம் மேலே நகரும். அதற்காகவே சில ஆண்டுகளாக ஒரு விதையும் அதில் விழாமல் காத்து வந்தார்.

வைகாசியில் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்தினம் வயலுக்குப் போனவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். வடகிழக்கு மூலையில், கோடை மழையின் ஈரத்தில், நெல் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது.

அவருக்கு ஐயம் விழ ஒரே ஆள்தான் இருந்தான்: அடுத்த வயல் பால்வண்ணநாதன். அங்கே வீடு வந்தால் தன் வயலுக்கு வரும் வாய்க்கால் அடைபடும் என்று டீக்கடையில் முன்பே பேசியவன்.

"ஏலே பால்வண்ணம், யாரு வயல்ல யாரு வெதைக்கது? நாளைக்கு ஆபீசர் வரப்போறது தெரிஞ்சுதான செஞ்சிருக்க?"

பால்வண்ணநாதன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "நான் வெதைக்கல அண்ணாச்சி."

"அப்போ ஆகாயத்துல இருந்தா விழுந்துச்சி?"

"அத நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஏட்டையால்லா நீங்க."

அவன் விழி தாழ்ந்ததையும், மேலும் ஏதோ சொல்ல வந்து விழுங்கியதையும் சங்கிலிப்பாண்டி கண்டார். இவன்தான் என்று உறுதி கொண்டார். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அதிகாரி உமாராணி வந்தார். வயலைச் சுற்றி வந்து அந்த மூலையில் நின்றார்.

"தரிசுன்னு எழுதியிருக்கீங்க. நெல்லு நிக்குதே சார்?"

"சதி மேடம். இந்தா பக்கத்து வயல்ல நிக்கானே, இவன் வேல. களவா வந்து வெதைச்சிருக்கான்."

உமாராணி குனிந்து பார்த்தார். "களவா வெதைக்கிறவன் ஈசான மூலை பாத்தா வெதைப்பான்?"

சங்கிலிப்பாண்டியின் பின்னே நின்ற அவர் மனைவி ஜெயசித்ரா முந்தானையை இறுக்கிக்கொண்டு முன்வந்தாள்.

"நாந்தான் மேடம் போட்டேன். சித்திரை ஒண்ணு அன்னைக்கு நாளேர் பூட்டி மொத உழவு ஓட்டாம நிலத்தச் சும்மா போடக் கூடாதுல்லா? வீடு கெட்டப் போற எடம் வேற. சாமி கும்புட்டு ஒரு கைப்பிடி நெல்லு விட்டேன்."

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? நீங்க கடையத்துல ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தீங்க. ஏரும் மாடும் இந்தத் தம்பிதான் கொண்டாந்து ஓட்டிக் குடுத்துச்சி. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். இப்பிடி மொளைக்கும்னு கண்டேனா?"

சங்கிலிப்பாண்டி குனிந்து அந்த முளைகளைப் பார்த்தார்.

உமாராணி சொன்னார்: "வழக்கத்துக்குப் போட்டதுன்னா அது சாகுபடி இல்ல. ஆனா நீங்களே சொன்னா எடுபடாது. பக்கத்து நிலத்துக்காரர் எனக்கு வாக்குமூலம் தரணும்."

எல்லாரும் பால்வண்ணநாதனை நோக்கினர். நேற்றுத் திருடன் என்று பெயர் வாங்கியவன் அவன். இன்று அவன் மறுத்தால் வீடு இல்லை. சங்கிலிப்பாண்டி கைகூப்பவும் முடியாமல், முகம் திருப்பவும் முடியாமல் நின்றார்.

"எழுதிக்கோங்க மேடம்" என்றான் பால்வண்ணநாதன். "ஏரு என்னுது, நெல்லு மதினி போட்டது. அதுக்கு முன்னால இங்கன ஒரு புல்லக்கூட இவரு நட்டதில்ல. எல்லாரும் பயிருக்குக் காவல் நிப்பாங்க, இவரு பயிரு வராமக் காவல் நின்னாரு."

உமாராணி வாய்விட்டுச் சிரித்தார். வாக்குமூலத்தில் அவன் கையொப்பமிட்டான்.

அதிகாரி சென்றபின் சங்கிலிப்பாண்டி தொண்டையைச் செருமினார். "வாய்க்கால் பக்கம் அஸ்திவாரம் வராது. எடம் விட்டுத்தான் கெட்டுவேன்."

"ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. ஆனா வாசல மட்டும் எம்பக்கம் வச்சிராதீங்க. தெனமும் வேலைக்கு வந்து ஒங்க மொகத்துல முழிக்க முடியாது."

ஆவணியில் இசைவு வந்தது. மனை கோலி, கயிறு பிடித்து அளவு குறித்த அன்று, வாசல் எத்திசை என்று கொத்தனார் கேட்டார். சங்கிலிப்பாண்டி பால்வண்ணநாதனின் வயலைக் கைகாட்டினார்.

"அந்தத் தம்பி இங்கன வாசல் வேண்டாம்னுச்சில்லா?" என்றாள் ஜெயசித்ரா.

"அதான் வைக்கேன். ஏன் வேண்டாங்கான்னு பாக்கணும்லா" என்றார் அவர்.