யோகன் மாமாவின் இரண்டு விரல்கள்

யோகன் மாமா இறந்துவிட்டார்.

இன்று பின்னேரம் அப்பாவுக்குப் போன் வந்தது. லண்டனின் மற்றப் பக்கத்தில், கிங்ஸ்பரியில் அவர் இருந்த அறையில், தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: முன்பு ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பழுதான லாப்டொப் திருத்துவார். சத்தமே இல்லாமல் படி இறங்குவார்.

அவர் தந்த பழைய லாப்டொப்பில்தான் இதை எழுதுகிறேன். போர்வைக்குள். இந்த லாப்டொப்பை இனித் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. அம்மாவும் அப்பாவும் பார்க்காதபடிதான் இந்தப் போஸ்டைப் போடுகிறேன்... தெரிந்தவர்கள் யாரும் வீட்டில் சொல்ல வேண்டாம்.

மாமாவின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. ஜெர்மனியில் ஏதோ ஃபாக்டரி மெஷின். அதைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை.

உங்கள் கீபோர்டைப் பாருங்கள். என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாம் வலது சுண்டுவிரலின் பக்கம்தான் இருக்கும். அதனால் மாமா எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிவிட்டார்.

இடது ஓரத்தில் இருக்கிற கப்ஸ் லொக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு F தட்டினால் என்டர். D தட்டினால் ஒரு எழுத்து அழியும். W தட்டினால் ஒரு முழுச் சொல்லும் போய்விடும்.

டேர்மினல் என்கிற கறுப்புத் திரைக்கு ஒரு பழக்கம், கோட் எழுதும் எடிட்டருக்கு இன்னொரு பழக்கம்... மற்றக் கம்ப்யூட்டர்களில் அப்படித்தான். ஒன்றில் சொல்லை அழிக்கிற கீ இன்னொன்றில் பக்கத்தையே மூடிவிடும். மாமாவின் லாப்டொப்பில் எங்கே போனாலும் ஒரே கீ, ஒரே வேலை.

ஏன் இவ்வளவு மினக்கெட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"இருட்டிலை எழும்பினாலும் கை தானாப் போகோணும் பிள்ளை."

கப்ஸ் லொக்கில் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருக்கிறது. அந்தக் கீக்கு மாமா வேறு வேலை கொடுத்துவிட்டதால் இன்று இரவு வரை அது எரிந்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவருக்குப் புது லாப்டொப் வந்தது. ஸ்கூலில் எனக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்பதால் பழையதை எனக்குத் தந்தார். தன் செட்டிங்ஸை அழித்துவிட்டுத் தருவதாகத்தான் சொன்னார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நல்லாயிருக்கிறது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பழகினா உம்மட்டை இருந்து போகாது," என்றார்.

அவர் கிங்ஸ்பரிக்கு மாறிய நாள் நல்ல மழை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி அக்கா, போறன்" என்றார்.

அம்மா விடவில்லை. "தம்பி, போறன் எண்டு சொல்லக் கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லும்."

"சரி சரி. வாறன் அக்கா. கட்டாயம் வாறன்."

போன மாதம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஹோம்வர்க் செய்துகொண்டிருந்தேன். தேத்தண்ணியோடு வந்த அம்மா என் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டா.

"பிள்ளை, கையை விரி."

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தன. அவற்றுக்கு இந்தக் கீபோர்டில் ஒரு வேலையும் இல்லை... அதனால் தாங்களாகவே ஒதுங்கிவிட்டன போல.

விரித்தேன். மற்ற விரல்கள் உடனே விரிந்தன. அந்த இரண்டும் மெதுவாக வந்தன.

எனக்கு அது பகிடியாக, சிரிப்பாக இருந்தது. உங்கள் கை எனக்கு வந்துவிட்டது என்று மாமாவுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அம்மா பயப்படுகிறா என்றும் சொன்னேன்.

அவரும் சிரித்துக்கொண்டுதான் பதில் அனுப்பியிருந்தார். "அம்மாட்டைச் சொல்லும், அந்த ரெண்டு விரலையும் நானும் கனகாலமாத் தேடிக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு."

அதுதான் கடைசி மெசேஜ். இன்று அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஏலவில்லை.

செய்தி வந்ததும் அம்மா முதலில் என் கையைத்தான் பார்த்தா. அழுதுகொண்டே இரண்டு விரல்களையும் பிடித்து நீவிவிட்டா. சனிக்கிழமை அப்பா இந்த லாப்டொப்பை எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்.

அதுவரை பொறுக்க எனக்குப் பயம். மாமாவின் செட்டிங்ஸ் முழுவதையும் சற்று முன் நானே அழித்தேன். டேர்மினலில், எடிட்டரில், எல்லா இடத்திலும். இப்போது இது எல்லோருடையதையும் போல ஒரு கீபோர்ட்.

அழித்தால் விரல்கள் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

நேராகவில்லை... இந்தப் போஸ்டை எழுதும்போதும் மடிந்துதான் இருக்கின்றன. விரிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் திரும்ப உள்ளே போயிருக்கின்றன.

ஒரு சொல் பிழையாக வந்தால் இடது கை தானாகக் கப்ஸ் லொக்குக்குப் போகிறது. சொல் அழியவில்லை. பச்சை விளக்குத்தான் எரிகிறது. அணைக்கிறேன். இரண்டு வரி எழுதுவதற்குள் மறுபடி எரிகிறது.

அம்மா காணக் கூடாது என்று திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அதனால் அந்தச் சின்ன விளக்குப் பெரிதாகத் தெரிகிறது. வலது கையை அதற்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

மூன்று விரல்களில் பச்சை வெளிச்சம். மற்ற இரண்டும் இருக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மாமா, நீங்கள் நல்லவர். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். எனக்கு அழுகை வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

போயிட்டு வாங்கோ என்றுதான் அம்மா சொல்லப் பழக்கியிருக்கிறா.

அப்படிச் சொல்ல எனக்கு ஏலாது மாமா.

போங்கோ.