அவள் படித்த பாதி

பரீட்சைக்குப் பத்து மாதம் இருக்கும்போதே படிக்க ஆரம்பித்தவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தவள், சாரம் கிராமத்திலிருந்து நடந்து வருகிறவள். மற்ற பெண்கள் எங்களை விடவில்லை. "அடேங்கப்பா, ஆடி மாசத்துலயே ஆரம்பிச்சிட்டாளுங்க, பரீட்சைக்குள்ள மறந்துடப் போறாளுங்க" என்று கேலி செய்தார்கள். சிரித்தால் சிரியுங்கள் என்று விட்டுவிட்டோம். எங்களுக்கு வேறு வழியில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம் அது. புதுச்சேரியில் கொடி மாறி நாலு வருடம் ஆகப்போகிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேராத மாதிரி இருக்கும். பாடமெல்லாம் பிரெஞ்சில்தான், லீவு வியாழக்கிழமைதான், மார்க் இருபதுக்குத்தான். நாங்கள் எழுதவேண்டியது பக்கலோரெயா. வாயில் வருவது 'பாக்'. பள்ளிப் படிப்பின் கடைசிப் பெரிய பரீட்சை அது, இரண்டு வருடத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் தேறினால்தான் இரண்டாவது. பிரெஞ்சு, ஆங்கிலம், கணக்கு, பௌதிகம், வரலாறு, பூகோளம் என்று பாடங்கள் மலை மாதிரி நின்றன. போதாததற்கு, எழுதி முடித்த பிறகு எதிரில் ஆளை உட்கார வைத்துக் கேள்வி வேறு கேட்பார்கள்.

என் அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ஒரு தரம் எழுது. தேறுனா மேல படி. போச்சுன்னா மூட்ட கட்டி வெச்சிட்டு வீட்ல இரு. இனிமே பிரெஞ்சு படிச்சு யாருக்கு இன்னா ஆவப்போவுது?" எனக்கு டீச்சராக வேண்டும். அந்த ஒரு தரத்தை விட்டால் அடுத்தது கல்யாணம்தான் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டிலும் கதை அதேதான், ஆபீசுக்குப் பதில் நாலு காணி நிலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது அவள். ஆளுக்குப் பாதியை ஆழமாகப் படிப்பது. படித்ததை வாராவாரம் மற்றவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. மொழிகள் இரண்டையும் அவரவர் பார்த்துக்கொள்வது. "கணக்கும் பௌதிகமும் எனக்கு" என்று அவள் வாய் மூடுமுன் நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது கொழுப்பு அதிகம். கணக்கு மூளைக்காரர்களுக்கு, வரலாறும் பூகோளமும் நெட்டுருப் போடுகிறவர்களுக்கு என்று ஒரு நினைப்பு. அவள் விட்டுக்கொடுத்தாள். மறுநாளே பழுப்புக் காகித அட்டை போட்டு நோட்டுகள் கொண்டுவந்தாள். அதில் ஒன்றின் மேல் 'கணக்கு' என்று பிரெஞ்சில் அழகாக எழுதியிருந்தது.

"இது உன் பாதிக்கு. நீ சொல்லச் சொல்ல இதுல எழுதிக்கிறேன்" என்றாள்.

முதலில் வாராவாரம் தவறாமல் உட்கார்ந்தோம். பிறகு அடைமழையில் இரண்டு வாரம் போனது. தீபாவளி ஒரு வாரத்தைத் தின்றது. வரலாற்றை அவள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மட்டும் முதல் வாரத்திலிருந்தே, "இன்னும் நாலு தேற்றம் முடிச்சிட்டு மொத்தமா சொல்றேண்டி" என்று தள்ளிக்கொண்டே போனேன். கார்த்திகையில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். தையில் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை மில்லில் வேலை, வீடு கருவடிக்குப்பத்தில். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் காலியானது.

அவளுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதலில் எனக்கு வந்தது கோபம். பாதி பாடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாளே பாவி, இனி நான் வரலாற்றுக்கும் பூகோளத்துக்கும் எங்கே போவேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அந்த ஆத்திரத்தோடுதான் ஒரு வியாழக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். "வாடி. எங்க விட்டோம்? ராஜாவப் புடிச்சிட்டாங்க, இல்ல?" என்றாள். ஒரு மாதம் முன் நிறுத்திய இடம் அவளுக்கு நினைவிருந்தது. எனக்கு இல்லை.

அதிலிருந்து எல்லா வியாழனும் அங்கேதான். அவள் கை வேலை செய்யும், வாய் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தும். தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, முக்கியமான வாக்கியங்களை மட்டும் பிரெஞ்சில் என்னைத் திருப்பிச் சொல்லவைப்பாள். பிரான்சின் ஆறுகளை மாவு சிந்திய தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். அவள் மாமியார் முதல் வாரம், "பாடம் நடத்துறாளாம் பாடம், ஒல கொதிச்சி ஊத்துது பாரு" என்று முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அடுத்த வாரம் உள்ளே நுழைந்ததும் அவர்தான் கேட்டார்: "ஏம் பொண்ணு, அந்த ராணிய அப்புறம் இன்னா பண்ணாங்க? இவ சொல்ல மாட்டேங்கறா, நீ வந்தாதான் சொல்லுவாளாம்."

அரிசிப் பானை மூடியின் மேல் அந்தப் பழுப்பு அட்டை நோட்டு தயாராக இருக்கும். வரலாறு முடிந்ததும் அவள் அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். "கணக்கு?" என்பாள். "அடுத்த வாரம் கண்டிப்பா" என்பேன் நான். சொல்லவே கூசுகிறது, என் மனதில் ஓடியது இதுதான்: கல்யாணமாகிவிட்டது, பரீட்சை எழுதப்போவதில்லை, இவளுக்குக் கணக்கு எதற்கு? அந்த நேரத்தில் நான் இன்னொரு பூகோளப் பாடம் கேட்டுக்கொள்ளலாமே. ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு நோட்டு பானையின் மேல் வருவது நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பரீட்சை வந்தது. வரலாற்றுக் கேள்வியைப் படித்தபோது கத்தரிக்காய் வாசனையே அடித்தது. கை நிற்காமல் எழுதினேன். கணக்குத் தாளைத் திருப்பினேன். எல்லாம் எனக்குத் தெரிந்த தேற்றங்கள்தான். படித்தவை, பக்கம் கூட நினைவிருந்தவை. ஆனால் முதல் அடியிலிருந்து இரண்டாவது அடிக்கு ஏன் போகிறோம் என்று ஒருவருக்கும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அது ஏண்டி அப்படி?" என்று யாரும் என்னைக் கேட்டு மடக்கியதும் இல்லை. பாதியில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, வியர்த்து விறுவிறுத்துப்போய் வெளியே வந்தேன்.

முடிவு ஒட்டிய அன்று பட்டியலில் என் பெயர் இருந்தது. எல்லாப் பாடமும் சேர்த்து சராசரி பத்து வந்தால் போதும். எனக்குப் பத்துக்கு மேல் ஒரு மயிரிழை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போய் இனிப்பு வாங்கி வந்தார். நான் மார்க் சீட்டை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்துக்கு நடந்தேன்.

அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்து கேட்டாள்:

"எனக்கு எவ்ளோ போட்டாங்க?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவள் படித்த பாதியைக் கேட்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. "வரலாறு பதினாறு. பூகோளம் பதினஞ்சு" என்றேன்.

"அத்தை, பதினாறாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அவளை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமியார் வெளியே வந்து, "இருவதுக்குப் பதினாறா? மீதி நாலு எங்க போச்சி?" என்று என்னை அதட்டினார்.

"உனக்கு?" என்றாள் அவள், சிரிப்பு அடங்காமல்.

பொய் சொல்ல வாய் வந்தது. சீட்டையே நீட்டினேன். "கணக்கு ஆறு. பௌதிகம் ஏழு. நீ இல்லன்னா நான் இல்லடி" என்றேன்.

அவள் சீட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது அவள் கையில் பழுப்பு அட்டை நோட்டும் ஒரு பென்சிலும் இருந்தன. நோட்டைப் பிரித்துத் தரையில் வைத்தாள். அவள் அழகாக எழுதிய தலைப்பைத் தாண்டி, பத்து மாத நோட்டில் ஒரு வரி கிடையாது. தாளில் அச்சடித்த கட்டங்கள் மட்டும்.

"பரீட்சைதான் முடிஞ்சிபோச்சேடி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கு முடிஞ்சிபோச்சி. எனக்கு நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்றாள். பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டு, கத்தரிக்காய்க் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.